ஒரு சின்ன வீடு சொல்லும் கணக்கு
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



கைத்தொழில் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்றேன்.

கனடா நாட்டில் நோவா ஸ்கோஷியா என்று ஒரு மாகாணம். அங்கே மார்ஷல்டவுன் என்ற கிராமத்தில் வாழ்ந்தவர் மாட் லூயிஸ். பிறந்தது 1903இல். சின்ன வயசிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் மடங்கிப் போச்சு. 1938இல் மீன் வியாபாரி ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அந்த வீட்டுக்கு வந்தார். ஒரே அறை, ஏறத்தாழ 13 அடிக்கு 12 அடி. கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது.

அந்தக் கையால் அவர் கதவு, சன்னல், படிக்கட்டு, அடுப்பு எதையும் விடாமல் பூவும் பறவையும் வரைந்தார். ஓவியம் விற்பனைக்கு என்று வெளியே பலகை வைத்தார். ரோட்டில் போகிறவர்கள் காரை நிறுத்தி வாங்கினாங்க. ஆரம்பத்தில் ஒரு படம் 2, 3 டாலர்தான். கடைசி வரை வறுமைதான். 1970இல் இறந்துபோனார். 2022இல் அவர் வரைந்த லாரிப் படம் ஒன்று ஏலத்தில் 3,50,000 டாலருக்குப் போனது. வரைந்த கைக்கு அதில் ஒரு காசு இல்லை.

1979இல் கணவரும் இறந்தபின் வீடு பாழடைய ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் சேர்த்து, அதைக் காப்பாற்றப் பணம் திரட்டினாங்க. 1984இல் மாகாண அரசு வாங்கி, கலைக்கூடத்திடம் ஒப்படைத்தது. இன்று ஹாலிஃபாக்ஸ் நகரக் கலைக்கூடத்துக்குள்ளேயே அந்த முழு வீடும் நிற்கிறது.

சகோதரிகளே, செத்தபிறகு வரும் மதிப்பு சோறு போடாது. நம்மில் எத்தனை பேர் பனையோலைப் பெட்டி முடைகிறோம்! ஓலை விலை, சாய விலை எழுதுகிறோம். உட்கார்ந்த நேரத்தை எழுதுகிறோமா? வியாபாரி சொல்வதே விலை என்று கொடுத்துவிடுகிறோம்.

ஆகவே இரண்டு தீர்மானம் கேட்கிறேன். ஒன்று, கூலி நேரத்தையும் சேர்த்து விலை போடுவோம். விற்ற பணம் முடைந்தவளின் வங்கிக் கணக்கிலேயே ஏறட்டும். இரண்டு, மூத்த அம்மாக்கள் முடையும் ஒவ்வொரு பின்னலிலும் ஒரு பெட்டியை, அவங்க பேரும் ஊரும் எழுதி, கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் வைப்போம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

ஆதரிப்பவர்கள் கை தூக்குங்க.