விவேகம் என்பது யாது?



விவேகம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டபோது, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையிலே காலங் கழித்த எனக்கு இஃது எளிய விடயமாகவே தோன்றிற்று. எழுதத் தொடங்கிய பின்னரே இடர்ப்பாடு விளங்கியது. கல்வி இன்னதென்று காட்டிவிடலாம். அதற்குப் புள்ளிகள் உள்ளன, சான்றிதழ்கள் உள்ளன. விவேகத்தை அளந்து பெறுபேறு வெளியிடும் பரீட்சைத் திணைக்களம் எந்த நாட்டிலும் இல்லை.

விவேகம் என்பது வடசொல். பிரித்தறிதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். நிலையான பொருளையும் நிலையாத பொருளையும் வேறு பிரித்துணர்தலை வேதாந்திகள் அச்சொல்லாற் குறிப்பர். நாம் அன்றாட வழக்கில் அவ்வளவு தூரம் செல்வதில்லை. ‘படித்தவர்தான், ஆனால் விவேகம் போதாது’ என்று ஊரிலே ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, கற்றதை எங்கே, யாரிடத்தில், எவ்வளவிற் கையாளுவது என்பதை அவர் அறியார் என்பதையே கருதுகிறோம்.

இங்கே திருக்குறளின் அதிகார வைப்பு என் நினைவுக்கு வருகின்றது. இன்று வழங்கும் வரிசையிலே கல்வி 40 ஆம் அதிகாரம். கல்லாமை 41. அறிவுடைமையோ 43. இடையில் 42 ஆம் அதிகாரமாக நிற்பது கேள்வி. கேள்வி என்றது ஈண்டு வினா எழுப்புதலை அன்று. கேட்டலை, அதாவது பிறர் சொல்லுக்குச் செவி கொடுத்தலை. கற்றவன் அறிவுடையவன் ஆவதற்கு முன் கடக்க வேண்டிய படி ஒன்று உண்டென்பதை இவ்வைப்பு உணர்த்துவதாகவே நான் கொள்கின்றேன். அன்றியும், இவ்வதிகாரங்கள் யாவும் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியில் அமைந்துள்ளன. பிறர் மீது அதிகாரம் செலுத்துபவனுக்கே இவை முதற்கண் வேண்டப்படுவன என்று கொள்வதிற் பிழையில்லை. அரசர்கள் இன்று இல்லை. பாடசாலை அதிபர்கள் இருக்கின்றோம்.

கி. மு. 399 இல் அதென்சு நகரிலே மரண தண்டனை விதிக்கப்பட்ட சோக்கிரட்டீசரும் இதனையே வேறொரு வழியாகக் கண்டார். அவர் அரசியலாளரையும் புலவரையும் கைவினைஞரையும் தேடிச் சென்று வினாவினார். கைவினைஞர் தம் தொழிலை மெய்யாகவே அறிந்திருந்தனர். ஆனால் அதனை அறிந்தமையால் ஏனைய பெரிய காரியங்களையும் அறிந்துவிட்டதாக எண்ணினர். அங்கேதான் அவர்கள் வழுவினர். நானும் ஒரு தொழில் அறிந்தவன். புவியியல் படிப்பித்தவன். என் வழுவைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி தரவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாதலின் இவ்வாறு நிகழ்கின்றது. 1888 இலே கைபென் என்னும் ஒல்லாந்தரும் 1901 இலே ஹேர்ட்ஸ்பேர்க் என்னும் ஜெர்மானியரும் இதற்கு ஒரு கணக்கை எழுதி வைத்தனர். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். ஆகவே மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேறப் பார்க்கும். நிலாவரைக் கிணற்றிலே மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதைப் பலரும் அறிவர்.

என் பாட்டனார் இக்கணக்கை அறியார். அவர் துலாவில் இறைத்தவர். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சுவார். ஓரளவு இறைத்ததும், கிணற்றை எட்டிப் பார்த்து, “காணும் தம்பி, இனி ஊறட்டும்” என்று நிறுத்திவிடுவார். இது முழுவதும் விவேகமே என்று நான் சாதிக்க மாட்டேன். மிதித்தவரின் கால்நோவும் அதிற் பாதி. நீரிறைக்கும் இயந்திரம் ஊருக்கு வந்தபோது அவரும் ஒன்று வாங்கினார். இயந்திரத்துக்குக் கால் நோவதில்லை. ஆயினும் கிணற்றை எட்டிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரக் கிராமம் ஒன்றின் பாடசாலையில் அதிபராயிருந்தேன். பத்தாந் தரத்துக்கு இந்நிலத்தடி நீர்ப் பாடத்தை நானே நடத்தினேன். வில்லையைக் கரும்பலகையில் வரைந்து, ஓரடிக்கு நாற்பதடி என்று விளக்கிக்கொண்டிருக்கையில், பின் வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, “சேர், எங்கட கிணறும் இப்பிடித்தான் உப்பாப் போச்சுது” என்றான். “நல்ல உதாரணம், இரு” என்று கூறிவிட்டு மேலே வரையலானேன். பாடம் மணியடிக்க முன் முடிந்தது. எனக்கு அன்று மிகுந்த திருப்தி.

அதே மாணாக்கன் அத்தவணையில் 19 நாட்கள் பிந்தி வந்திருந்தான். பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்கும். பிந்துவோர் பதிவேட்டை வாரந்தோறும் பார்வையிட்டுக் கையொப்பமிடுபவன் நான். இருபதாம் நாள் அவனைக் காலைப் பிரார்த்தனை முடியும்வரை படலையடியில் நிறுத்தி, “தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தாற்போல் வகுப்புக்குப் போ” என்றேன். தகப்பனார் தொலைவிலே வாடியில் தங்கி மீன்பிடிப்பவர் என்பதை நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. திரும்பிப் போனவன் பதினொரு நாட்கள் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அடுத்த ஆண்டு தோற்ற வேண்டியவன். அவ்வயதில் பதினொரு நாட்கள் நின்ற பிள்ளை பன்னிரண்டாம் நாள் பெரும்பாலும் கடலுக்குப் போய்விடும். இது வகுப்பாசிரியைக்குத் தெரிந்திருந்தது. அவர் இரண்டு முறை என்னிடம் வந்து சொன்ன பின்னரே நான் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டிலே தாயாரும் சிறு பெண் பிள்ளைகள் இருவரும் இருந்தனர். முற்றத்துக் கிணறு நிறைய நீர் இருந்தது. வாளியால் அள்ளி ஒரு வாய் வைத்தேன், வைத்தவாறே துப்பினேன். குடிநீர் கோயிலடிக்குப் பவுசரில் வரும் என்றார் தாயார். காலை ஆறு மணிக்கு வரவேண்டியது சில நாள் ஏழுக்கும் வரும். நிரையில் நின்று இரண்டு கான்களை நிரப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டே அவன் பாடசாலைக்கு ஓடுவான். அவன் பிந்திய நாட்கள் பவுசர் பிந்திய நாட்களே.

ஓரடிக்கு நாற்பதடி என்று நான் சொல்லிக் கொடுத்ததை அப்பிள்ளை ஒவ்வொரு நாளும் தோளிலே சுமந்தான். தன் வாயாலே சொல்லியும் இருந்தான். நான் அதனைப் பாடத்துக்கு உதாரணமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அவனைக் குறித்து வேறொன்றும் வினவத் தோன்றவில்லை. பதிவேட்டிலே காரணம் எழுதுவதற்கு ஒரு நிரல் இருந்தது. 19 நாட்களுக்கும் அது வெறுமையாகவே கிடந்தது. அந்த வெறுமைக்குக் கீழே என் கையொப்பம் இருந்தது.

தாயார் தேநீர் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மறுத்தால் அவர் மனம் நோகும். குடித்தாலோ அவன் அன்று காலை சுமந்த நீரிலே ஒரு கோப்பை குறையும். அன்று அவ்வீட்டில் எது விவேகம் என்பது எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. குடித்தேன். தேநீர் கரிக்கவில்லை.

பையன் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நாளைக்கு எத்தனை மணிக்குப் பவுசர் வரும்?” என்று கேட்டேன். “தெரியாது, சேர்” என்றான்.