அடுப்படியில் பிறந்த திருநாள்

நடுவர் அவர்களே! என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் குடும்பத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

'பண்டிகையைப் பெரிதும் காப்பாற்றுவது ஆலயமா? அடுப்படியா?' நான் அடுப்படி அணி. வீட்டுக்குத் திரும்பிப் போகணும் இல்லையா! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஈஸ்டரைக் கையில் எடுத்தார். 'கி.பி. 325இலே நைசியாவிலே ஆயர்கள் கூடி, எல்லாரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையிலே கொண்டாடணும்னு முடிவு செய்தாங்க. ஆலயம் இல்லேன்னா பண்டிகைக்குத் தேதியே இல்லை'ன்னு சொன்னார். நல்ல வாதம். ஆனா ஐயா, 2024ஆம் வருஷம் ரோமாபுரியிலே ஈஸ்டர் மார்ச் 31. ஏதென்ஸிலே மே 5! ஒரே நாள்னு முடிவு பண்ணினவங்க, அஞ்சு வாரம் தள்ளி நிக்கிறாங்க! (சிரிப்பு) வசந்தகாலத்துப் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. 1582இலே போப்பாண்டவர் கிரெகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கீழைத் திருச்சபைகள் பெரும்பாலும் பழைய கணக்கையே விடலை. 2025இலே ஏப்ரல் 20ன்னு இரண்டும் ஒன்றாக வந்தது. அது தற்செயல். தேதி ரெண்டாப் போனாலும் ரெண்டு ஊரிலேயும் வீட்டு மேசையிலே என்ன இருக்கு? சாயம் போட்ட முட்டை இருக்கு!

அந்த முட்டை எப்படி வந்தது? ஈஸ்டருக்கு முன்னாலே நாற்பது நாள் தவக்காலம். பழைய காலத்திலே கறி மட்டுமில்லை, முட்டையும் கூடாது. மனுஷன் விரதம் இருக்கான், சரி. கோழிக்குத் தெரியுமா? (சிரிப்பு) அதுவும் வசந்தகாலம், அது பாட்டுக்கு முட்டை போடுது. வீட்டுக்காரி என்ன செய்வாள்? வேக வைத்தாள், சாயம் போட்டாள், விரதம் முடிஞ்சதும் பிள்ளைகள் கையிலே கொடுத்தாள். கிரேக்க நாட்டிலே சிவப்புச் சாயம். அது கிறிஸ்துவின் இரத்தம், ஓடு உடைவது கல்லறை திறப்பது என்று விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம்தான், மறுக்கலை. ஆனா விளக்கம் சொல்றதுக்கு முதல்லே முட்டை வெந்திருக்கணுமே!

இன்னும் கொஞ்சம் பின்னாலே போவோம். பிரெஞ்சிலே 'பாக்', இத்தாலியிலே 'பாஸ்குவா', நம்ம தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'பாஸ்கா' என்கிறார்கள். எல்லாம் எபிரேயச் சொல்லான 'பெசஹ்' என்பதிலிருந்து வந்தவை. யூதர்களின் பாஸ்கா. எகிப்திலே அடிமையாக இருந்தவர்கள் விடுதலையாகிப் புறப்பட்ட இரவு. வேதாகமம் சொல்கிறபடி, வீட்டுக்கு ஒரு ஆட்டுக்குட்டி, கதவு நிலையிலே அதன் இரத்தம், மாவு புளிக்க நேரமில்லாததால் புளிப்பில்லாத அப்பம். அன்றைக்கு எருசலேம் ஆலயம் கட்டப்படவே இல்லை ஐயா! இயேசுநாதரின் கடைசி இராவுணவும் ஒரு வீட்டின் மேல்மாடியிலேதான். உயிர்த்தெழுந்த காலையிலே கல்லறைக்கு முதலில் போனது யார்? பெண்கள். கையிலே என்ன? வாசனைப் பொருள்கள்! அவர்கள் திரும்பிப் போய்த் தயார் செய்து வைத்தவை என்று லூக்கா எழுதுகிறார். (பலத்த கைதட்டல்)

தூரத்திலே ஏன் போகணும்? பக்கத்துக் கேரளத்துக்கு வாங்க. புனித தோமா வழிக் கிறிஸ்தவர்கள் வீட்டிலே பெரிய வியாழன் இரவு 'பெசஹா அப்பம்'. பேரைக் கவனியுங்க, அதே எபிரேயச் சொல்! அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, புளிக்க வைக்காமல் அவிப்பார்கள். மேலே குருத்தோலையால் ஒரு சிலுவை. ஜெபம் முடிந்து குடும்பத் தலைவர் வெட்டிக் கொடுக்க, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பாலோடு எல்லாரும் சாப்பிடுவார்கள். அந்த வருஷம் துக்கம் நடந்த வீட்டிலே அப்பம் செய்வதில்லை. பக்கத்து வீட்டிலேயோ உறவிலேயோ இருந்து வரும். இழவு வீடு பண்டிகையை இழந்துடக் கூடாதுன்னு நினைச்சது யார் மனசு? (கைதட்டல்)

ஆலயப் பக்கத்து ஆட்களே பண்டிகையை நிறுத்தியதும் உண்டு. 1647இலே தூய்மைவாதிகள் கை ஓங்கியிருந்த இங்கிலாந்து நாடாளுமன்றம், கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் ரத்து செய்தது. 1660இலே மன்னராட்சி திரும்பியதும் பண்டிகை திரும்பிவிட்டது. அதை விடுவோம்.

நான் ருஷ்யாவுக்கு வருகிறேன். நண்பர் 'ஆலயமே இல்லாவிட்டால்?' என்று கேட்டார் இல்லையா? அங்கே அதுதான் நடந்தது. 1931இலே மாஸ்கோவின் மாபெரும் கிறிஸ்து பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நாடு முழுக்க எத்தனையோ கோயில்களுக்குப் பூட்டு. ஈஸ்டர் என்று வாயைத் திறக்கவே பயம். அப்போ அந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்தாங்க? வாரக்கணக்காக வெங்காயத் தோலைச் சேர்த்து வைப்பாங்க. அதைக் கொதிக்க வைத்தால் முட்டைக்குச் செம்பழுப்புச் சாயம். வெங்காயத் தோலை எந்தப் போலீஸ்காரர் பறிமுதல் செய்ய முடியும்? (சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

அரை நிமிஷம் ஐயா. ஈஸ்டருக்கு அவர்கள் செய்கிற உயரமான இனிப்பு ரொட்டிக்குக் 'கூலிச்' என்று பேர். பிற்காலத்திலே அரசாங்க ரொட்டிக் கடைகளே அதைப் போட்டு விற்றன, 'வசந்தகாலக் கேக்' என்ற பேரிலே! விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். கடையிலே ஒருத்தரும் பேரைச் சொல்லலை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையிலே வைத்ததும் பாட்டி சொன்னாள்: 'கூலிச்.'

(பலத்த கைதட்டல்)