காரவெல்லும் ஒரு விரிசலும்

தலைவர் அவர்களே, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் ஹெப்பகோடித் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற பெயரில் இன்று எந்த விமானமும் பறக்கவில்லை. 1953-இல் எட்டு கம்பெனிகளின் உள்நாட்டுச் சேவையை அரசுடைமையாக்கித் தொடங்கினார்கள். 2007-இல் ஏர் இந்தியாவோடு சேர்த்தார்கள். தொடங்கியபோது கையில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் டகோட்டா என்ற புரொப்பல்லர் விமானங்கள். அந்த வீட்டுக்கு 1964-இல் வந்தாள் ஐயா ஒரு பிரெஞ்சுக்காரி. பெயர் காரவெல். இந்தியன் ஏர்லைன்ஸின் முதல் ஜெட்!

அவள் அழகைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மூக்கு மட்டும் பிரிட்டிஷ் காமெட் விமானத்தின் மூக்கு. ஜன்னல்களோ முனை மழுங்கிய முக்கோணம். ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் இன்ஜின் இரண்டும் இறக்கையில் இல்லை, வாலருகே. அப்படி அமைந்த முதல் பயணிகள் ஜெட் உலகத்திலேயே அதுதான். வாலுக்கு அடியில் ஒரு படிக்கட்டு இறங்கும். ஏணி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இத்தனை இருந்தும் நம்மவர்கள் அவளை நினைப்பது ஒரு நடிகையால். 1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய காரவெல், பறக்கத் தொடங்கியதுமே பழுதாகித் திரும்பியது, ஓடுபாதையை எட்டவில்லை. 95 பேர் போனார்கள். அவர்களில் ‘பத்ரகாளி’ படத்தின் நாயகி ராணி சந்திராவும் ஒருவர். தாயும் சகோதரிகளும் உடன் இருந்தார்கள். மிச்சக் காட்சிகளை அவர் சாயலில் இன்னொருவரை வைத்து எடுத்துப் படத்தை வெளியிட்டார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். விமானம் ஏன் விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

வலது இன்ஜினுக்குள், காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் பத்தாவது அடுக்குத் தட்டு. ஓடி ஓடி உலோகம் களைத்து, அதில் ஒரு விரிசல். தட்டு உடைந்து சிதறியது, சிதறிய துண்டு எரிபொருள் குழாயை அறுத்தது, தீ. தீயில் ஹைட்ராலிக் எண்ணெய் போயிற்று. காரவெல்லின் சுக்கான்களை அசைப்பதே அந்த எண்ணெயின் அழுத்தம்தான். அது போனபின், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்?

இது சினிமாக்காரர் கதையா? இல்லவே இல்லை. பொம்மசந்திரா தொழிற்பேட்டை ஷெட்களில் சிஎன்சி இயந்திரம் ஓட்டுகிற, சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பவுடர் தூவி, மயிரிழை விரிசலைத் தேடுகிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கதை. தலைவரிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: அடுத்த மாதக் கூட்டத்தில் என்னைக் கூப்பிட வேண்டாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவரை மேடையேற்றி, ஒரு தட்டை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.