மழை குறைந்த மண்



நேற்று சாயங்காலம் புழுதிக்காற்று அடித்ததே, பார்த்தீர்களா? தில்லியில் இதை 'ஆந்தி' என்கிறார்கள். துணி காயப்போட்டிருந்த ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏன் தம்பி, இவ்வளவு மண் எங்கிருந்து வருது?"

மேற்கே ராஜஸ்தானில் தார் பாலைவனம் இருக்கிறது. கோடைக் காற்று அங்கிருந்தும் புழுதியை அள்ளி வருகிறது.

பாலைவனம் என்றால் என்ன? சுடு மணல், கொளுத்தும் வெயில் என்று நினைக்கிறோம். தாரில் அது சரிதான். அங்குள்ள பலோடி ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் அடித்தது. ஆனால் பாலைவனத்துக்கு அடையாளம் வெயில் அல்ல. மழைக் குறைவுதான். பொதுவாக ஆண்டுக்கு 25 சென்டிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் இடமே பாலைவனம். ஓர் ஆண்டு மழையைத் தரையில் தேக்கினால் ஏறக்குறைய ஒரு சாண் உயரம்தான் நிற்கும்.

ஏன் மழை குறைகிறது? முக்கியமாக மூன்று காரணங்கள்.

ஒன்று, காற்று. உலக உருண்டையின் நடுவில் பூமத்திய ரேகை ஓடுகிறது. அங்கே சூடான காற்று மேலே எழும்பி, மழையைக் கொட்டிவிடும். பிறகு காய்ந்த காற்றாக வடக்கிலும் தெற்கிலும் போய்க் கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் மேகம் சேராது. ஆப்பிரிக்காவின் சகாராவும் அரேபியப் பாலைவனமும் இப்படி உண்டானவை. சகாரா மட்டும் இந்தியாவைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரியது.

இரண்டு, மலை. மழை மேகத்தை இமயமலை தடுத்துவிடுகிறது. அதனால் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள லடாக்கில் மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் அங்கே ஆற்றுநீரே உறைந்துவிடும். ஆனாலும் அது பாலைவனம்தான்.

மூன்று, குளிர்ந்த கடல். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் அட்டகாமா பாலைவனம் இருக்கிறது. பக்கத்திலேயே கடல். ஆனால் குளிர்ந்த நீரோட்டத்தால் மூடுபனி வருமே தவிர, மழை வராது. சில இடங்களில் பெரிய வலைகளைக் கட்டி, மூடுபனியிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள்.

நம் தார் மக்களும் சாமர்த்தியசாலிகள். தரைக்குள் தொட்டி கட்டுகிறார்கள். அதற்கு 'டாங்கா' என்று பெயர். சுற்றிலும் தரையைச் சரிவாக்கி, பெய்கிற கொஞ்ச மழையையும் அதில் சேர்க்கிறார்கள்.

தார் நடுவே உள்ள ஜெய்சல்மேரைவிடத் தில்லியில் மூன்று மடங்குக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஆனால் நாம் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறோம். போன வாரம் இரண்டு அக்காமார் அதனால்தான் வகுப்புக்கு வரவில்லை. பெய்கிற மழையோ சாக்கடைக்குப் போகிறது.

மழைக்காலம் வருவதற்குள் இந்த வகுப்புக் கட்டடத்தின் கூரைத் தண்ணீரைச் சேர்க்க ஒரு தொட்டி கேட்போம். மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டும். அதை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுவீர்கள்!

நாளைக்குச் சிலேட்டு வேண்டாம். காகிதமும் பேனாவும் கொண்டு வாருங்கள்.