கடல் கடக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல்



இங்கே படித்து ஆசிரியையான பெண் ஒருத்தி அண்மையில் என் வீட்டுக்கு வந்தாள். "ஐயா, இங்கிலாந்துல டீச்சர் வேலை வாங்கித் தர்றேன்னு ஏஜெண்டு பணம் கேக்குறாரு. அம்மா தாலிக்கொடிய அடகு வைக்கப் போறாங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆசிரியர் கடல் கடப்பது நமக்குப் புதிதல்ல. 1952 முதல் 1962 வரை லிவர்பூல் அருகே கிர்க்பியில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடந்தது. 1956இல் துங்கு அவர்கள் நம் சுதந்திரத் தேதியை அங்கேதான் மாணவர்களிடம் அறிவித்தார். அவர்கள் படித்துவிட்டுத் திரும்பினார்கள். இன்று பாடம் நடத்தவே போகிறார்கள்.

போகட்டும், தவறில்லை. ஆனால் விவரம் தெரிந்து போகட்டும். 2023இல் இங்கிலாந்து, சிங்கப்பூர், இந்தியா உள்ளிட்ட பல நாட்டு ஆசிரியர்களுக்குத் 'தகுதி பெற்ற ஆசிரியர்' என்னும் அங்கீகாரத்துக்கு வழி திறந்தது. பட்டம், ஆசிரியர் பயிற்சி, பணி அனுபவம், ஆங்கிலத் தேர்ச்சி ஆகியவற்றைக் கேட்கிறார்கள். எந்த நாட்டாருக்கு எந்தப் பாடம் என்ற வரம்பும் உண்டு. அதை முதலில் பாருங்கள். விண்ணப்பம் நேரே அவர்கள் கல்வித் துறைக்குப் போகும். கட்டணம் இல்லை!

இன்னொன்று. அந்த அங்கீகாரம் விசா ஆகாது. வேலை தரும் பள்ளி முன்வந்தால்தான் வேலை விசா. அந்நாட்டுச் சட்டப்படி, வேலை தேடிக் கொடுப்பதற்கு முகவர் ஆசிரியரிடம் பணம் வாங்கக் கூடாது, பள்ளியிடம்தான் வாங்கலாம். அரசாங்கச் செலவில் படித்தவர்கள் ஒப்பந்தக் காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, உங்களால் ஆகக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறதா? பிள்ளை சிறுசாக இருக்கும்போதே திருத்திவிடுங்கள். இன்று வாங்கும் பரிசுச் சான்றிதழிலிருந்து எல்லாத் தாளையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாளைக்கு அதுதான் பேசும்.

அந்தப் பெண் இப்போது தன் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கிறது.

செல்வங்களே, எங்கே போனாலும் உங்களுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த இந்தப் பள்ளியை மறக்காதீர்கள்.