விதையோடு வரும் நோய்
(மருதானையில் நடந்த எமது சங்கத்தின் தொழிற்கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



லயத்தை விட்டு இருட்டோடு புறப்பட்டு, ரயிலேறி மருதானை வந்திருக்கிறோம். சம்பளம், அரைப்பெயர், ஒழுகும் கூரை என்று பேச எவ்வளவோ இருக்க, விதையைப் பற்றி ஏன் பேச்சு என்று கேட்பீர்கள். செடிக்கு நோய் வந்தால் முதலில் அடிபடுவது நாம்தான். அதனால்தான்.

1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோயைக் கண்டார்கள். இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. எமது முன்னோர் பலர் வேலையிழந்தார்கள். 1946 இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. அதற்காகத் தொடங்கிய செம்பு மருந்தடிப்பு இன்னும் நிற்கவில்லை. அந்த மெசினை முதுகில் சுமப்பவர்கள் நமது அண்ணன் தம்பிகள்.

மரக்கறிச் செய்கையிலும் இதே கதைதான். பாடசாலைத் தோட்டத்தில் போஞ்சி நட்டபோது, விதை முழுவதும் ரோஸ் நிறமாக இருந்தது. "டீச்சர், இது முட்டாசா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அது பூஞ்சணத்தைக் கொல்லப் பூசிய நஞ்சு. பைக்கற்றில் தமிழில் ஒரு வரி இல்லை. பிள்ளைகளின் கைகளை சவர்க்காரம் போட்டுக் கழுவ வைத்தோம். அன்றுதான் வேறு வழி உண்டா என்று தேடத் தொடங்கினோம்.

ஒரு வழி பிளாஸ்மா. டியூப் லைட்டில் மின்சாரம் பாயும்போது உள்ளே வாயு ஒளிர்கிறதே, அந்த நிலைக்குப் பெயர்தான் பிளாஸ்மா. சூடேறாத பிளாஸ்மாவை விதைமேல் சில விநாடியோ சில நிமிடமோ படவிடுகிறார்கள். காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் வீரியமாக மாறி, விதைத்தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சண வித்துகளையும் பற்றீரியாக்களையும் கொல்கின்றன. விதைமேல் நஞ்சு மிஞ்சாது. ஜெர்மனியில் கிரைப்ஸ்வால்ட் நகரத்து பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதை ஆராய்கிறார்கள்.

இதை மந்திரம் என்று நாம் சொல்லவில்லை. நேரம் கூடினால் முளைதிறன் குறையும். விதைக்குள் ஆழமாகப் புகுந்த கிருமிக்கு எட்டாது. கொப்புள நோய் காற்றில் வருவது. தேயிலையை இப்போது பெரும்பாலும் தண்டு வெட்டித்தான் நடுகிறோம். ஆகவே தேயிலைக்கு இது மருந்தல்ல. கோவா, தக்காளி, போஞ்சி போன்ற விதைகளுக்குத்தான் பயன்.

அந்த மெசின் வரும்வரை கையில் இருப்பது வெந்நீர். கோவா இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி நரம்பு கறுக்கும் நோய், விதையோடு வருவது. மருந்து பூசாத கோவா விதையைத் துணியில் கட்டி, 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்நீரில் ஆற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள். சூடு கூடினால் விதை செத்துவிடும். முதலில் ஒரு பிடி விதையில் செய்து பாருங்கள். போஞ்சிக்கு இது ஆகாது. விதை வெடித்துப் போகும்.

2021 இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் திடீரென்று தடை செய்தார்கள். போதிய மாற்றைத் தரவில்லை. கொழுந்து குறைந்தது, கொழுந்து குறைந்தால் நமக்கு அரைப்பெயர். அதே ஆண்டு நவம்பரில் தடையை எடுத்தார்கள். நட்டத்தை யார் ஈடு செய்தார்கள்? ஆகவே "மருந்தை நிறுத்து" என்று மட்டும் நாம் கேட்கவில்லை. மாற்றைக் கொண்டுவந்துவிட்டு நிறுத்து என்கிறோம்.

எமது கோரிக்கைகள் மூன்று. விதைப் பைக்கற்றில் பூசிய மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். மருந்து தொடும் ஒவ்வொருவருக்கும் கையுறையும் முகக்கவசமும் நிர்வாகம் தர வேண்டும். பிளாஸ்மா போன்ற முறைகளை விவசாயத் திணைக்களம் இங்கே பரீட்சித்து, பலன் தந்தால் பெரிய கம்பனிகளுக்கு மட்டுமன்றி லயத்தோரம் பாத்தி கட்டும் தாய்மாருக்கும் அந்த விதை கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும் தோட்டக் கமிட்டியில் இதைப் பேசுங்கள். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியையும் சொல்லுங்கள்.