கணக்கு நம்ம கையில்
(விருத்தாசலத்தில் பேசியது)



2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை. பூமிக்கடியில் பாரத் பெட்ரோலியம் குழாய் கசிந்திருந்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

எண்ணெய் கசிந்த இடத்தில் போடுவது கண்காணிப்புக் கிணறு. எண்ணெய் நீர்மேல் மிதக்கும். எனவே குழாயின் துளையுள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்கணும். முழுக்க ஆழத்தில் இறக்கினால் படலம் சிக்காது. 'சுத்தம்' என்று எழுதிவிடலாம்! குழாயைச் சுற்றிச் சரளை, அதன்மேல் பென்டோனைட் அடைப்பு. நனைந்தால் வீங்கி அடைக்கிற களிமண் அது. பீங்கான் ஊர்க்காரர்களுக்குப் புரியும். நீர் போகும் திசை தெரியக் குறைந்தது 3 கிணறு வேணும்.

அந்தத் திசையில் சேரி இருந்தால் சேரியிலும் போடணும், ஆலைக்குள் மட்டுமல்ல. வங்கிக் குமாஸ்தா நான்; பாஸ்புக் தராத கணக்கை நம்பமாட்டேன். படலம் எவ்வளவு கனம், பென்சீன் எவ்வளவு என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேளுங்கள். தராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழுத நான் வர்றேன்.